முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்

(தோட்டக் கிளைகளின் மாதர் தலைவியர் கூட்டத்தில் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழி ஆற்றிய உரை)



சம்பளம், அரைப் பேர், லயத்துக் கூரை என்று எத்தனையோ விடயங்களை இந்த மேடையில் பேசியிருக்கிறேன். இன்று பேசப்போவது மனதைப் பற்றி. "டீச்சர் இப்ப பைத்தியத்துக்கு வைத்தியம் படிக்கிறாங்களாம்" என்று தோட்டத்தில் ஒரு கதை ஓடுகிறது. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் என் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இரவில் தூக்கமில்லை, மலைக்குப் போக மனமே இல்லை என்று அழுதார். நான் என்ன செய்தேன்? "உங்களை விடக் கஷ்டப்படுகிறவங்க எத்தனை பேர்? பிள்ளைய நினைச்சுத் தைரியமா இருங்க" என்று கால் மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வைத்தியசாலையில் கிடந்தார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். அவருடைய அழுகையை எனக்குப் பார்க்க முடியவில்லை. அதை நிறுத்தத்தான் அவ்வளவும் பேசியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகுதான் சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போய் உளவளத்துணை படிக்கத் தொடங்கினேன். அங்கே எங்களுக்குப் பழக்கிய முறைக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் பெரிது, விடயம் எளிது. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற மனநல வைத்தியர் இதன் அடித்தளத்தைப் போட்டார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் "நான் எதற்கும் உதவாதவன்", "இனி ஒன்றும் சரிவராது" என்ற எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதையும், அவற்றை அவர்கள் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிடுவதையும் அவர் கவனித்தார்.

நம்முடைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை முகம் பார்க்காமல் போகிறார். ஒரு பெண் "ஏதோ அவசரம்" என்று நினைக்கிறார்; வேலையைப் பார்க்கிறார். இன்னொருவர் "என் மேல கோபம், இன்னைக்குப் பேர் வெட்டிருவாரு" என்று நினைக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, கை ஓடவில்லை, கொழுந்து குறைகிறது, கடைசியில் அரைப் பேர். "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்கிறது மனம். நடந்தது இருவருக்கும் ஒன்றுதான். எண்ணம் வேறாக, உடம்பும் செயலும் வேறாகிப் போயின. இந்தச் சுற்றை எங்கேயாவது ஓர் இடத்தில் அவிழ்ப்பதுதான் இந்தச் சிகிச்சை.

படித்ததில் எனக்குக் கஷ்டமாக இருந்தது பாடம் அல்ல, வாயை மூடுவதுதான். பயிற்சிக்காக ஒருவர் துன்பப்பட்டவர் போலவும் நான் உளவளத்துணையாளர் போலவும் பேச வேண்டும். முடிந்ததும் பயிற்றுநர் சொன்னார்: "பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் நீங்கள்தான் பேசினீர்கள்." ஆசிரியைக்கும் சங்கக்காரிக்கும் உள்ள வியாதி அது! பதில் சொல்வதை விட்டு, கேள்வி கேட்கப் பழகினேன். "அப்போது மனதில் என்ன ஓடியது? அது உண்மை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? உங்கள் தோழி இப்படிச் சொன்னால் அவருக்கு என்ன சொல்வீர்கள்?"

பிறகு ஒரு தாய் வந்தார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையவில்லை. "நான்தான் பிள்ளையோட வாழ்க்கையக் கெடுத்துட்டேன்" என்பதே அவருடைய ஒரே பேச்சு. கொப்பியில் எழுதிப் பார்ப்பதுதான் வழக்கம். அவருக்கு எழுத வராது. முற்றத்துக் கூழாங்கற்களை எடுத்தோம். அந்த எண்ணத்துக்குச் சாட்சி இருந்தால் இடப்பக்கம் ஒரு கல், எதிர்ச் சாட்சி இருந்தால் வலப்பக்கம் ஒரு கல். பரீட்சை நேரத்தில் வீட்டில் சண்டை நடந்தது, இடப்பக்கம். ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து ஒரு நாளும் தவறாமல் பாடசாலைக்கு அனுப்பினார், வலப்பக்கம். இரண்டு வருடமாகப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இத எங்க வைக்கிறது டீச்சர்?"

தோழர்களே, இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அந்தக் கல்லைப் பற்றித்தான். "எல்லாம் உன் மனதில்தான் இருக்கிறது" என்று சொல்வது இந்தச் சிகிச்சை அல்ல. அரைப் பேர் ஒரு தவறான எண்ணம் அல்ல. ஒழுகும் கூரை கற்பனை அல்ல. "எல்லாம் என் குற்றம்" என்ற எண்ணத்தை அந்தத் தாயோடு உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பது உளவளத்துணையின் வேலை. கணித ஆசிரியர் இல்லாத கல்லைத் தூக்கிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போவது சங்கத்தின் வேலை. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். அந்தத் தாய் கடைசியில், "சண்டையக் குறைச்சிருக்கலாம். மத்தபடி என்னால முடிஞ்சதச் செஞ்சேன்" என்றார். இப்போது பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் கேட்டு முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான்.

இதெல்லாம் படித்தவர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், பாடசாலைக் கல்வி மட்டுமே பெற்ற பெண் சுகாதார ஊழியர்களுக்கு இந்த முறையைப் பழக்கினார்கள். மனச்சோர்வுள்ள தாய்மாரை அவர்கள் வீடு தேடிப் போய்ச் சந்தித்தார்கள். ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், இந்த உதவி பெற்ற தாய்மாரில் 100க்கு 23 பேருக்கே மனச்சோர்வு இருந்தது. இந்த முறை பழகாத ஊழியர்கள் சந்தித்த தாய்மாரில் 100க்கு 53 பேருக்கு இருந்தது.

ஆனாலும் நான் வைத்தியர் அல்ல. இன்றும் என் வேலையை மூத்தவர் ஒருவர் மேற்பார்வை செய்கிறார். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். அப்படிப்பட்டவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தலைவியரே, உங்களிடம் இரண்டு விடயங்கள் கேட்கிறேன். லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆகவே வாரத்தில் ஒரு பின்னேரம் பிள்ளை மடுவத்தையோ பாடசாலை அறையையோ இதற்காகத் திறந்து வைக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். இரண்டாவது, அங்கே யார் வந்தார் என்பதைப் பீலிக்கரையில் பேசாதீர்கள்.

முதலில் சொன்ன தாய் திரும்ப என்னிடம் வரவில்லை. வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறார், மலைக்கும் போகிறார். வழியில் கண்டால் சிரிப்பார். அவருக்குச் சொல்லாத கேள்விகளைத்தான் இன்று மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.