தந்தையார் காட்டிய மலை

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்திய உரை)



இளமையில் பெற்றோருடன் சென்ற பயணங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பணியிட மாறுதலால் என் தந்தையார் வந்தவாசிப் பகுதியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. நம்மவர் குடும்பங்கள் அங்கு மிகச் சிலவே. பள்ளித் தோழியர்க்குச் சமணம் என்ற சொல்லே புதிதாக இருந்தது. "இந்த ஊரில் நமக்கு யாருமே இல்லையா அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் விடை கூறவில்லை. அடுத்த ஞாயிறன்று என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் சென்றது சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலைக்கு. தாமிரபரணியில் சிற்றாறு வந்து கலக்கும் பகுதி அது. அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் துறவியர்க்காக வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. காசிபன் என்னும் பெயருடைய ஒருவர் அவற்றை அமைத்தளித்த செய்தி, ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. "நமக்கு முன்பே நம்மவர் இங்கே வந்துவிட்டார்கள் அம்மா" என்றார் தந்தையார். என் வினாவுக்கு அதுவே விடை.

பிறிதொரு விடுமுறையில் கயத்தாறு, கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குச் சென்றோம். அந்நாளில் அதுவும் திருநெல்வேலி மாவட்டமே. 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். அரவு குடைபிடிக்கும் பார்சுவநாதரையும், கொடி படர நின்ற பாகுபலியையும் காட்டியபின், சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை இயக்கியின்முன் நெடுநேரம் நின்றார். துறவிக்கு உணவளித்ததற்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு மலைக்கு நடந்த தாயின் கதையை அங்கேதான் கேட்டேன். இயக்கி என்ற சொல்லே நெல்லைச் சீமையில் இசக்கி ஆயிற்று என்னும் ஆய்வாளர் கருத்தையும் சொன்னார். எங்கள் தெருமுனை இசக்கியம்மன் அன்றுமுதல் எனக்கு அயலாள் அல்லள்.

தந்தையார்க்கு வட்டெழுத்துப் படிக்க வராது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியிலிருந்து பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தார். திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்கள் அவை. அவர்களுள் எளிய தொழிலாளரும் உண்டு, துறவியரும் உண்டு. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டையைச் சேர்ந்த குரவரின் மாணாக்கர் பெயரும் அங்கு உண்டு. "ஊர்தி ஏறாத துறவியர் அவ்வளவு தொலைவும் நடந்தே வந்திருக்கிறார்கள், நீ பேருந்தில் கால் வலிக்கிறது என்கிறாய்" என்று சிரித்தார். குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர் பலர் பெயரைப் படித்தபோது மட்டும் குறிப்பேட்டை என் கையில் தந்து, "இதை நீ படி அம்மா" என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வகுப்பறையில் நின்றதற்கு வித்து அந்தப் பாறையடியில் விழுந்தது.

திரும்பும்போது கயத்தாற்றருகே பேருந்து பழுதாகி நின்றது. கதிரவன் சாயும் வேளை. வடிகட்டிய நீர்ச்செம்பையும் புளியோதரைப் பொட்டலத்தையும் எடுத்து, சாலையோர மரத்தடியில் அமர்ந்து, உடன் வந்தோர்க்கும் பகிர்ந்து, இருட்டுமுன் உண்டு முடித்தோம். ஏன் இவ்வளவு விரைவு என்று ஒரு பாட்டி வினவினார். விளக்கைத் தேடி வந்து உணவில் விழும் சிற்றுயிர்களைப் பற்றித் தந்தையார் இரண்டே வரிகளில் சொன்னார். "நல்ல வழக்கமய்யா" என்றார் அவர். நம் நெறியை வெட்கமின்றியும் செருக்கின்றியும் பிறர்க்குச் சொல்லும் முறையை நான் கற்றது அன்று.

அன்பர்களே, நம் பிள்ளைகள் இன்று சென்னை, பெங்களூரு, கடல்கடந்த நாடுகள் என எங்கெங்கோ வாழ்கின்றனர். "இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற வினா அவர்கள் உள்ளத்திலும் எழும். அதற்கு நூலைக் கொடுப்பது நன்று. கையைப் பிடித்து அழைத்துச் செல்வது அதனினும் நன்று. வரும் விடுமுறையில் ஒரு மலைக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெயர்களைப் பிள்ளைகளின் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள்.