அடையாற்று நிறுவனமும் வடமலாபுரத்துக் கணக்கும்



பிள்ளை சமூக அறிவியல் படிக்கப் போகிறேன் என்றால், அருப்புக்கோட்டையானாலும் திருச்சுழியானாலும் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் தலைநகரத்தில் நடக்கும் அந்தப் படிப்பு நம் கரிசலுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே வந்துபோயிருக்கிறது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். மாணவர்கள் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். நிலம் யார் பெயரில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம்? 1918-ல் அது புத்தகமானது. அதில் ஓர் ஊர், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். 1930-களில் அதே ஊர்களைப் பல்கலைக்கழகம் மறுபடி கணக்கெடுத்தது.

1980-களில் வடமலாபுரத்தை மறுபடி கணக்கெடுத்தது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். அது, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த மால்கம் ஆதிசேசையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் 1971-ல் அடையாறு காந்தி நகரில் தொடங்கியது. 1977-ல் மத்திய, மாநில அரசுகளின் ஆதரவோடு தேசிய நிறுவனமானது. பெரிய வளாகம், பட்டமளிப்பு ஊர்வலம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஆராய்ச்சியும் முனைவர் பட்டப் படிப்பும்தான் அங்கே வேலை. நாம் உரிமையோடு பேச வேண்டிய கண்மாய்களைப் பற்றி அங்கே பணியாற்றிய அ. வைத்தியநாதன் விரிவாக எழுதியிருக்கிறார். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியும் அங்கேதான் பேராசிரியர்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தக் கிராமக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சானது. பதில் சொன்ன சம்சாரி அதைப் படிக்க வழியில்லை. வேங்கடாசலபதி போலத் தமிழிலும் எழுதுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

திருச்சுழிப் பிள்ளை ஒருவர் அங்கே போனால் ஆராய விஷயத்துக்குப் பஞ்சமில்லை. மானாவாரி நிலத்தைச் சீமைக்கருவேலம் மூடியபின் கரிமூட்டம் போடுகிறவருக்கு மிஞ்சுவது என்ன? அருப்புக்கோட்டைத் தறியில் மகன் உட்காராதபோது அந்தக் குடும்பம் எதைக் கொண்டு பிழைக்கிறது? கேட்க வேண்டிய வீடுகள் அந்தப் பிள்ளையின் தெருவிலேயே இருக்கும்.