திரும்பி வந்த ஈரல் நோய்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏரி மதகு, இணைப்புச் சாலை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைப் பற்றியே உங்களிடம் பேசிப் பழகியவன் நான். இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் வைத்தியம் படித்தவன் அல்லன். ஆயினும் இந்த வியாதியினால் நம் வட்டாரத்து விவசாயி ஒருவர் தம் நிலத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தார். அதில் என் அறியாமைக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை மறைக்காமல் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

அவர் பெயரும் ஊரும் வேண்டா. ஐம்பது வயதை எட்டியவர். இரண்டு ஏக்கர் நஞ்சையும் சிறிது புஞ்சையும் உடையவர். இளம் வயதில் வண்டி கவிழ்ந்து கால் முறிந்தபோது அவருக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி என்னும் ஈரல் அழற்சிக் கிருமி 1989-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. தானமாகப் பெறும் இரத்தத்தில் அதைத் தேடும் சோதனை நம் நாட்டில் கட்டாயமாவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். இருபது முப்பது ஆண்டுகள் வரை ஓசையின்றி ஈரலுக்குள் தங்கியிருப்பது இக்கிருமியின் இயல்பு. வலி இல்லை, காமாலை இல்லை. குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்கு முன் பார்த்த இரத்தச் சோதனையில்தான் அது வெளிப்பட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பன்னிரண்டு வாரங்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை. முற்காலத்தில் இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசியை ஆறு மாதமோ ஒரு வருடமோ போட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் பலருக்குக் குணம் கிட்டுவதில்லை. 2013-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டாலர்! அந்தச் செல்வ நாட்டிலேயே, ஈரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு மட்டுமே பணம் கொடுப்போம் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்தன. 2014-ல் நம் நாட்டுக் கம்பெனிகள் சிலவற்றுக்கு உரிமம் கிடைத்து, அவை அதே மருந்தைச் செய்யத் தொடங்கியதும் விலை பன்மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூலம் சோதனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒழுங்காக உண்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

நம்மவர் எஞ்சிய சிலருள் ஒருவர் ஆனார். கதிர் அறுப்பு நாட்களில் ஆள் கிடைக்காமல் களத்திலேயே கிடந்தார். மாத்திரை தீர்ந்துபோய்ப் பத்து நாள் நின்றுவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதைப் பெரிதாக எண்ணவில்லை. மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தபோது கிருமி மீண்டும் தலைகாட்டியிருந்தது. இந்தப் பன்னிரண்டாம் வாரச் சோதனைதான் குணமானதா இல்லையா என்பதைச் சொல்லும். முதலில் செய்யும் எதிர்ப்பொருள் சோதனை, குணமடைந்தவர்களுக்கும் ஆயுள் முழுவதும் 'உண்டு' என்றே காட்டும். அதைப் பார்த்து மீண்டும் வந்துவிட்டதாக அஞ்சுவோரும் உளர். கிருமியையே அளக்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டும்.

மாத்திரை கொடுத்த இடத்துக்கே அவர் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. காரணத்தைப் பின்னர் என்னிடம் கூறினார். "ஐயா, சர்க்கார் வீடு ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதானே? மாத்திரையும் அப்படித்தான் என்று நினைத்தேன். கொடுத்ததை நான்தான் கெடுத்துக்கொண்டேன். எந்த முகத்தோடு மறுபடி போய் நிற்பது?" பயனாளிப் பட்டியல் தயாரித்தே காலம் கழிக்கும் எனக்கு இந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. நாம்தான் மக்களை அப்படிப் பழக்கியிருக்கிறோம் அல்லவா?

நோய் திரும்பிய சமயம் அவர் என்னைச் சந்தித்தார். "காப்பீட்டு அட்டை இருக்கிறதே, கவலை எதற்கு?" என்று நான் தைரியமாகக் கூறி அனுப்பிவிட்டேன். அவரும் அட்டையை எடுத்துக்கொண்டு நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே அட்டை செல்லும். வீட்டிலிருந்து உண்ணும் மாத்திரைக்குச் செல்லாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரியே, தவறு என்னுடையது. ஆனால் அம்மாத்திரை அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு ஏக்கரை அடகு வைக்கப் பேசி முடித்துவிட்டு, வீட்டுத் திட்டத் தவணையை முன்கூட்டித் தர இயலுமா என்று கேட்க என் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்ன ஐந்து நிமிட விவரத்தை இரண்டு மாதங்களுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் அதே திட்டத்தில் இடமுண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளிலுள்ள நிபுணர்கள் அவர்களைப் பரிசீலித்து மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். நம்மவருக்கு ஈரலைப் படம் பிடித்துப் பார்த்ததில் சுருக்கம் தொடங்கியிருந்தது. சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த மாத்திரையோடு ரிபாவிரின் என்பதையும் கூட்டி இருபத்துநான்கு வாரம் கொடுத்தார்கள். ரிபாவிரின் இரத்த சோகையை உண்டாக்கக்கூடியது. ஆதலால் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. அதை உண்ணும் ஆணின் மனைவியும் அக்காலத்திலும் அதன்பின் சில மாதங்கள் வரையிலும் கருத்தரிக்கலாகாது. வெல்படாஸ்விர் உண்ணும்போது, நெஞ்செரிச்சலுக்கென்று கடையில் நாமாக வாங்கிப் போடும் மாத்திரை அதன் பலத்தைக் குறைத்துவிடும். காசநோய் மருந்து, வலிப்பு மருந்து உண்போர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கீழாநெல்லியைக் கேட்பீர்கள், நானும் சிறுவயதில் மோரில் கலந்து குடித்தவன்தான். இந்தக் கிருமியை அது ஒழிப்பதில்லை.

காப்பீட்டு அட்டை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். 2009-ல் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடந்துவருவது அது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி செய்கிறது. ஈரல் சுருங்கியவருக்கு வயிற்றில் நீர் கோக்கலாம், இரத்த வாந்தி வரலாம், புற்றும் தோன்றலாம். அப்போது மருத்துவமனையில் சேர்ந்ததும் அட்டையைக் காட்டுங்கள். திட்டத்தில் அடங்கிய சிகிச்சையா என்று பார்த்து, மருத்துவமனையே முன் அனுமதிக்கு எழுதும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் காப்பீடு எடுப்போர் சிலரும் இங்கே இருக்கிறீர்கள். முன்பே உள்ள நோயை மறைத்து எழுதாதீர்கள். பின்னர் அதையே காரணம் காட்டிக் கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். உண்மையை எழுதினால் காத்திருக்கும் காலம் ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு விதிப்படி அது மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக்கூடாது. கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் அந்நிறுவனத்திடமே முறையிடுங்கள். அதிலும் நியாயம் கிட்டாவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணமில்லை.

நம்மவருக்கு இரண்டாம் சிகிச்சையும் முடிந்து, பன்னிரண்டாம் வாரச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. சுருங்கிய ஈரல் பழைய ஈரல் ஆகிவிடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்துகொள்கிறார். ஒருமுறை குணமானவருக்கும் புதிதாக இந்நோய் தொற்றக்கூடும்; ஆகவே ஊசி போடும் எவரிடமும் புதிய ஊசியை நம் கண்முன் பிரிக்கச் சொல்லுகிறார். நிலம் அவர் கையிலேயே இருக்கிறது.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டாலும், கூட அமர்ந்து உண்டாலும் இந்நோய் ஒட்டாது. இரத்தத்தின் மூலமே பரவும். ஆதலால் நோயாளியின் பெயரைக் கிராம சபையில் வாசித்துவிடாதீர்கள். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சிறுநீரகத்துக்காக இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள் ஆகியோரைத் தனியே அழைத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். மாத்திரையை இடையில் நிறுத்தியவர் எவரேனும் இருந்தால் கடிந்து பேசாமல் என்னிடம் அனுப்பிவையுங்கள். மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.