கடாரத்து வயலும் வடகோடிப் பனியும்



சுங்கைப் பட்டாணியிலிருந்து புறப்பட்டு, பீடோங்கையும் குருனையும் கடந்து அலோர் ஸ்டாரை நோக்கி வடக்கே செல்பவர்கள், மேடும் பள்ளமுமான செம்மண் பூமியில் ரப்பர் மரங்களும் செம்பனைகளும் வரிசை பிடித்து நிற்பதையும், ஜெராய் மலையின் அடிவாரத்தைத் தாண்டியதும் அந்தப் பூமி சமதளமாகித் தாழ்ந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயலாக விரிவதையும் காண்பார்கள். மேட்டில் தோட்டம், தாழ்வில் வயல் என்னும் இந்தப் பிரிவினை துரைமார்கள் செய்த ஏற்பாடு என்று நினைப்பது இயல்பே. ஆனால், நம் பாட்டன்மார் கப்பலேறி வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே, பெரும்பாலும் சமுத்திரமே இந்த எல்லையை வகுத்து வைத்துவிட்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், கடாரமாகிய கெடா மாநிலத்து மண்ணுக்கும் கிரீன்லாந்துப் பனிக்கும் உள்ள சம்பந்தத்தையும் இன்று சிறிது ஆராய்வோம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் கனமுள்ள பனிப்படலங்கள் கிடந்தன. அத்தனை நீரும் கடலிலிருந்து சென்று உறைந்ததாகையால், உலகெங்கும் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அப்போது உலர்ந்த தரை. பினாங்கும் லங்காவியும் சமவெளியில் எழுந்த குன்றுகள். சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய மூன்றும் மலாயாவோடு ஒட்டி, விஞ்ஞானிகள் சுண்டா என்றழைக்கும் ஒரே பெருநிலமாக இருந்தன. பிற்காலத்தில் பனி உருகியது, கடல் ஏறியது என்பது எவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் அந்த உருகலும் ஏற்றமும் நிதானமாக நடைபெறாமல், நெடுங்காலம் மந்தமாயிருந்து திடீரென்று பாய்வதும், மறுபடி தயங்குவதுமாக நிகழ்ந்தன என்பதே நம் காலத்து விஞ்ஞானம் கண்டறிந்த ஆச்சரியம்.

இதன் காரணங்களுள் முக்கியமான ஒன்றைத் தேடி நாம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன் நம் கெடாவிலேயே ஒன்றைக் கவனிப்போம். பெருமழைக்குப் பின் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில், ஆற்றின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து பரவ, கனமுடைய உப்புநீர் அதன் அடியிலேயே தங்கிவிடுகிறது. நீர் உப்பினால் கனக்கும், குளிர்ந்தாலும் கனக்கும் என்ற இந்த எளிய நியதியே மகாசமுத்திரங்களின் ஆழத்தையும் இயக்குகிறது. வெப்பமண்டலத்தில் சூடேறி உப்பு மிகுந்த மேல்நீர், அட்லாண்டிக்கின் வடக்கே ஓடி, தன் உஷ்ணத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் குளிர்ந்து, கிரீன்லாந்தின் அருகே கனத்து அமிழ்ந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கனமீட்டர் நீர் இவ்வாறு புரள்கிறது; உலகத்து நதிகள் யாவும் சேர்ந்து கடலில் கொண்டுசேர்க்கும் நீரைவிட இது பத்து மடங்குக்கு மேல். ஆனால், அமிழவேண்டிய இடத்தில் உருகிய பனியின் நன்னீர் வந்து மூடிக்கொண்டால், மேல்நீர் குளிர்ந்தும் கனப்பதில்லை. கனக்காத நீர் அமிழ்வதில்லை. அமிழ்தல் நின்றால் வடக்கே உஷ்ணத்தைக் கொண்டுசெல்லும் பிரவாகமும் தளர்ந்துபோகிறது. ஹென்றி ஸ்டாம்மல் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞர் 1961ஆம் ஆண்டிலேயே, ஒரு சிறிய கணிதத்தின் துணைகொண்டு, இத்தகைய பிரவாகத்துக்கு நிலையான ஸ்திதிகள் இரண்டு இருக்கக்கூடும் என்றும், நன்னீர் ஓர் எல்லையைக் கடந்ததும் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாய்ந்துவிடும் என்றும், சேர்ந்த நன்னீரைச் சிறிது குறைத்த மாத்திரத்தில் பழைய நிலை திரும்பிவிடாது என்றும் காட்டினார்.

அன்று ஏட்டில் கணக்காக இருந்தது, பின்னர் பனியிலும் சேற்றிலும் சாட்சியம் பெற்றது. 1992, 1993ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் கிரீன்லாந்தின் உச்சியில் தனித்தனியே மூன்று கிலோமீட்டர் ஆழம் துளையிட்டு, அடிப்பாறை வரை பனியை எடுத்து ஆராய்ந்தபோது, சென்ற பனியுகத்தில் இருபது தடவைக்கு மேல் அந்தப் பிரதேசத்தின் உஷ்ணநிலை சில பத்தாண்டுகளுக்குள்ளேயே மிகப் பெரிதும் உயர்ந்ததும், சில தடவை அந்த உயர்வு பத்து டிகிரியையும் தாண்டியதும் தெரியவந்தன. ஹார்ட்முட் ஹைன்ரிக் என்ற ஜெர்மானியர், அட்லாண்டிக்கின் அடிச்சேற்றில் கரையிலிருந்து வந்த கற்கள் அடுக்கடுக்காகக் கிடப்பதை 1988இல் விவரித்தார். அவை பெரும் பனிமலைகள் உடைந்து மிதந்துவந்து, உருகும்போது கீழே நழுவவிட்ட சுமைகள். இவ்விதக் கற்கள் நம் கெடாவுக்கும் புதியவை அல்ல. லங்காவியின் சிங்கா பாறைத்தொகுதியில், மென்சேறு இறுகிய பாறைக்குள் தனித்தனியே புதைந்து கிடக்கும் அந்நியக் கற்களை, ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தப் பூமி தென்துருவத்தை அடுத்த கோண்டுவானாப் பெருநிலத்தின் விளிம்பில் இருந்தபோது, மிதக்கும் பனி கொண்டுவந்து போட்டது என்று புவியியலார் கூறுகின்றனர்.

அட்லாண்டிக்கின் பிரவாகம் தளர்ந்தபோது வடக்கே குளிர் மிகுந்தது. வெப்பமண்டலத்தின் மழைப்பட்டையும் தெற்கே சரிந்தது. ஆசியாவின் பருவமழை குன்றியது. சீனாவின் ஹூலு குகையிலும், நம் நாட்டின் சரவாக்கில் முலு, புடா மலைக்குகைகளிலும், கூரையிலிருந்து சொட்டும் நீரால் வளர்ந்த சுண்ணாம்புத் தூண்கள் இதன் ஏடுகளாக நிற்கின்றன. சுமார் 16,500 ஆண்டுகளுக்கு முன், வடக்கே பனிமலைகள் உடைந்து மிதந்த காலத்தில், போர்னியோ வறண்டிருந்தது என்று முலுவின் தூண்கள் சொல்கின்றன. மழை பெய்தால் மரம் வெட்டமுடியாது, பெய்யாவிட்டால் பால் வடியாது என்பதை அறிந்த தோட்டத்து மக்களுக்கு, மழைப்பட்டை இடம் பெயர்வதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிறகு, ஏறத்தாழ 14,600 ஆண்டுகளுக்கு முன், தளர்ந்திருந்த பிரவாகம் திடீரென்று வலிமை பெற்றது. வடக்கே வெப்பம் பாய்ந்தது. பெரும் பனிப்படலங்கள் சரிந்தன. அதற்குத் தெளிவான ஆதாரம் ஒன்று நம்முடைய கடலின் அடியிலேயே கிடைத்தது. தென்சீனக் கடலில் மூழ்கிய சுண்டா நிலத்தில், பழைய கரையோர அலையாத்திக் காடுகளின் மக்கிய எச்சங்களை எடுத்துக் காலம் கணித்த ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், சுமார் முந்நூறு ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்ததென்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிகச் சமதளமான அந்த நிலத்தில் ஒரு மீட்டர் உயர்வென்பது பல கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்குக் கொடுப்பதாகும். பேரன் காலத்தில், பாட்டன் வாழ்ந்த கரை எங்கே இருந்ததென்று கைநீட்டிக் காட்டவும் இயலாது போயிருக்கும்.

அதன்பின்னும் கடல் ஏறிக்கொண்டே வந்து, ஆறாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலாயாக் கரையில் இன்றைய மட்டத்துக்கும் மேல் சில மீட்டர் உயர்ந்து நின்றது. ஜெராயின் அடிவாரத்தை அலைகள் தொட்டன. இன்றைய நெல்வயல்கள் கடலடியாகவும் சதுப்பாகவும் கிடந்தன. முன்னாளில் கெடாவுக்கு உரியதாயிருந்து 1800இல் ஆங்கிலேயர் கைக்குப் போன செபராங் பிறையில், குவார் கெப்பா என்னுமிடத்தில், கடலோர மக்கள் தின்று குவித்த சிப்பி ஓடுகள் இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடப்பதும், அங்கேயே 2017இல் அக்கால மாது ஒருத்தியின் எலும்புக்கூடு கிடைத்ததும் இதற்குச் சான்று. பின்னர் கடல் மெல்லப் பின்வாங்கியது; ஆறுகள் கொணர்ந்த வண்டலும் கடல் விட்டுச்சென்ற களிமண்ணும் சேர்ந்து, இன்று நெல் விளையும் மூடா சமவெளியாயின. நெல் தாழ்விலும் ரப்பர் மேட்டிலும் அமைந்தது இவ்வாறுதான்.

இன்றைய நிலை என்ன? 2004 முதல் அட்லாண்டிக்கின் குறுக்கே கருவிகளை நிறுத்தி அந்தப் பிரவாகத்தை இடைவிடாது அளந்து வருகிறார்கள். இந்த நூற்றாண்டில் அது தளர்வது மிகவும் சாத்தியம் என்றும், 2100க்குள் அறவே சரிந்துவிடாது என்பதில் நடுத்தரமான நம்பிக்கை உண்டென்றும் உலக நாடுகளின் பருவநிலைக் குழு 2021இல் கூறியது. நடுத்தரமான நம்பிக்கை என்பது முழு உறுதி ஆகாது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

நட்ட ரப்பர் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வெட்டி முடித்து மறுநடவு செய்ய இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகும். பூர்வகாலத்தின் பெருமாறுதல்களில் சில, ஏறக்குறைய அத்தகைய கால அளவுக்குள் நடந்து முடிந்தவை. ஆகையால் அணை கட்டுவோரும், மதகு அமைப்போரும், கரையோரம் ஊர் எழுப்புவோரும், நாளை என்பது நேற்றைவிடச் சற்றே மாறியிருக்கும் என்ற அனுமானத்தின்மேல் மட்டும் கணக்குப் போடாமல், சமுத்திரம் சில வேளைகளில் தாவியும் செல்லும் என்ற அனுபவத்தையும் கணக்கில் சேர்ப்பதே விவேகம். நமக்கும் பனிக்கும் நெடுந்தூரம் என்று சொல்லித் தப்ப இயலாது. ஏனெனில் அந்தப் பனியின் வரலாறு நம் வயல்களின் களிமண்ணிலேயே பதிந்திருக்கிறது.