ஹோஷங்காபாத்: கேள்வி கேட்ட வகுப்பறைகள்



கல்வி குறித்த விவாதங்களில் நிதி ஒதுக்கீடும் தனியார்மயமும் காவிமயமும் இடம்பெறுகின்றன. வகுப்பறைக்குள் குழந்தை எப்படிக் கற்கிறது என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதுவும் அரசியல் பிரச்சினையே என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் சான்று.

அங்கே 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்று தொடங்கியது. கிஷோர் பாரதியும் ரசூலியாவின் ஃப்ரண்ட்ஸ் ரூரல் சென்டரும் முன்கையெடுத்தன. டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் துணைநின்றனர். 'பால வைக்ஞானிக்' பாடநூலில் பரிசோதனைகள் இருந்தன, கேள்விகள் இருந்தன, விடைகள் அச்சிடப்படவில்லை. கிராமப்புற அரசுப் பள்ளிக் குழந்தைகள் வயலுக்குச் சென்று செடிகளை வேரோடு கொண்டுவந்தனர். வலைப்பின்னல் நரம்புள்ள இலைக்கு ஆணிவேரும், இணைநரம்புள்ள புல்லுக்குச் சல்லிவேரும் பொருந்திவருவதைத் தாங்களே அட்டவணையிட்டுக் கண்டனர். எண்ணியபோது அது கணக்குப் பாடமாயிற்று. கண்டதைச் சொந்தச் சொற்களில் எழுதியபோது மொழிப்பாடமாயிற்று. இந்த மண்ணில் ஏன் இந்தப் பயிர் என்று கேட்டுவிட்டால் சமூக அறிவியலும் வந்துவிடும். தேர்வுகூடப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதப்பட்டது.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்போர் உண்டு. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை, 1978இல் அங்கு வந்து பணியாற்றிய பொறியாளர் அர்விந்த் குப்தா உருவாக்கினார். பொருளுக்கு ஆகும் செலவு சொற்பமே. உண்மையில் தேவைப்பட்டது ஆசிரியரின் நேரமும் பயிற்சியும். கோடைப் பயிற்சிகளிலும் மாதாந்திரக் கூட்டங்களிலும் ஆசிரியர்களே பரிசோதனைகளைச் செய்து பார்த்தனர், விவாதித்தனர், பாடநூலைத் திருத்தவும் உதவினர்.

1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. ஆனால் 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையில் முடிந்தது. அப்போது மாநிலத்தில் ஆட்சியிலிருந்தது பாஜக அல்ல, காங்கிரஸ். தோழர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்த்தும் அரசு அசையவில்லை. அரசின் அனுமதியில் வாழ்ந்த திட்டம், அந்த அனுமதி போனதும் பள்ளியைவிட்டு வெளியேறியது.

2023இல் பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பாடத்தை மீண்டும் சேர்க்கக் கோருவது அவசியம். ஆனால் அதையும் மனப்பாடமாகவே நடத்தினால் பயன் பாதிதான். ஆகவே ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில், ஊதியம், ஓய்வூதியத்துடன், ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் பரிசோதனைப் பொருட்கள், ஆசிரியர் கூடிப் பேச மாதத்தில் ஒரு பணிநாள், மனப்பாடத்தை அளக்காத தேர்வு ஆகியவையும் இடம்பெற வேண்டும். பெற்றோரிடம் இதை எடுத்துச் செல்லும் வேலை கிளைகளுடையது.