கூட்டுத் தொகையில் வராதது

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மருத்துவன் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. வங்கியில் நாள் முழுக்கப் படிவம் பார்க்கிற குமாஸ்தா. அதனால ஒரு படிவத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்.

சில வருஷம் முன்னால தூக்கம் போச்சு, சோறு இறங்கல. ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஒரு தாளைக் கையில கொடுத்தாங்க. பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஸ்பிட்சர், க்ரோங்கே, வில்லியம்ஸ் என்பவர்கள் 1999இல் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் நிதியுதவியோடு உருவாக்கியது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லையா, தூக்கம் கெட்டதா, தோற்றுப்போனவன் என்று உங்களையே தாழ்வாக நினைத்தீர்களா என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0. அநேகமாக தினமும் என்றால் 3. மொத்தம் 27. 10 வந்தாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

எனக்கு 16. அதிலும் ஒன்பதாவது கேள்விக்கு நான் பொய் எழுதியிருந்தேன். செத்துப்போயிடலாம்னு நினைப்பு வந்ததா என்பது அந்தக் கேள்வி. 0 போட்டேன். ஏன்னா, தாளைக் கொடுத்தவர் முதலில் என் ஊர்ப் பெயரைக் கேட்டார். சொன்னதும், "ஊரா, காலனியா?" என்றார். அந்தக் கேள்வி தாளில் இல்லை. ஆனால் அதற்கப்புறம் நான் எழுதின ஒன்பது பதிலும் அதுக்குக் கீழேதான் இருந்தது. எதிரில் இருப்பவர் மேல் நம்பிக்கை இல்லாதபோது 0 என்பது பதில் இல்லை தோழர்களே, தற்காப்பு.

இன்னொன்று, அளவுகோல் யாரை வைத்துச் செய்யப்பட்டது என்பது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹாத்வே, மெக்கின்லி இருவரும் செய்து 1943இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. சோதனை உலகப் பிரசித்தம். அதில் 'இயல்பான மனிதர்' என்று அளவெடுக்கப்பட்டவர்கள் அந்த வட்டாரத்து வெள்ளையர்கள். அந்த அளவை வைத்துத்தான் கறுப்பர்களையும் அளந்தார்கள். மற்ற மக்களையும் சேர்த்து அளவைத் திருத்தியது 1989இல்தான். க்ரையர், காப்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர்கள் 1968லேயே சொன்னார்கள்: வெள்ளையர் நாட்டில் கறுப்பன் சந்தேகத்தோடு இருப்பது பிழைத்திருக்கும் வழி, அதை நோய்க் கணக்கில் சேர்க்காதே என்று. நம்ம கதையும் அதுதானே? தனிக் கிளாஸில் டீ வாங்கிக் குடிச்சவன், "என்னை ஒதுக்குறாங்க" என்று சொன்னால் அது பிரமையா, சாட்சியமா?

வங்கியில் சாயங்காலம் கணக்கு இடித்தால், எவ்வளவு இடிக்குதுன்னு மட்டும் பார்த்துட்டு வீட்டுக்குப் போகமாட்டோம். எந்தக் கவுண்டர், எந்த வவுச்சர் என்று தேடுவோம். இந்தத் தாள் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியவர்கள் மனிதர்கள். தேடாவிட்டால் என்ன நடக்கும்? 2016இல் ரோகித் வெமுலா விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்துக் கூடாரத்தில் படுத்துக் கிடந்த பிறகு இறந்தார். அரசு அமைத்த ஒருநபர் விசாரணை ஆணையம் அவருடைய சொந்த விரக்திதான் காரணம் என்றது. குற்றத்தைச் செத்தவன் மனசுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அதுக்காகத் தாளைக் கிழிச்சுப் போடச் சொல்லல. மனநோய் நமக்கும் வரும். மருந்தும் ஆலோசனையும் நமக்கும் உரிமை. பிறகு வேறொரு மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா தாளை ஓரமாக வைத்துவிட்டு, "வேலை செய்யற இடத்துல உங்களை எப்படி நடத்துறாங்க?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசினேன். மறுபடி தாளை எழுதினப்போ ஒன்பதாவதுக்கு உண்மையைப் போட்டேன். மதிப்பெண் 18 ஆக ஏறியது. என் வைத்தியம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி பாராமல் சிகிச்சை தரச் சொல்கிறது. 23ஆம் பிரிவு, நோயாளி பற்றிய விவரம் ரகசியம் என்கிறது. ஆகவே விடுதியிலோ கல்லூரியிலோ இந்தத் தாளைக் கொடுத்தால் கேளுங்கள்: இது யார் கைக்குப் போகும்? வார்டன் பார்ப்பாரா? 10க்கு மேல் வந்தவனுக்கு என்ன செய்வீங்க? பதில் வாங்கிக்கொண்டு உண்மையை எழுதுங்கள். நடுராத்திரியில் மனசு தாங்கலையா, 14416க்குப் போன் போடுங்க. பக்கத்து அறைத் தோழரை எழுப்புங்க.

தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. யார், எங்கே, என்ன செய்தார்கள் என்பதை அங்கே எழுதுவோம். அதையும் படிக்கச் சொல்லிப் போராடுவோம்.