பள்ளி என்னும் சொல்

'பள்ளி' என்றால் படுக்கை. பள்ளியறை, பள்ளியெழுச்சி எல்லாம் அந்தப் பொருளில் வந்தவை. ஒதுங்கி வாழும் துறவியின் உறைவிடத்துக்கும் தமிழில் இதுவே பெயர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மடத்தைக் குறிக்கும் சொல், 'தனியாள்' என்னும் கிரேக்க வேரில் பிறந்தது. தமிழோ தனிமையை விட்டுவிட்டுப் படுக்கையைப் பிடித்துக்கொண்டது. வீட்டைத் துறந்தவருக்குத் தலைசாய்க்க ஓரிடம் தவிர வேறென்ன வேண்டும்?

அந்தப் படுக்கையை இன்றும் பார்க்கலாம். குகைத் தரையில் ஓராள் நீளத்துக்குப் பாறையைச் சமமாகச் செதுக்கி, தலைமாட்டை மட்டும் சற்றே மேடாக விட்டிருப்பார்கள். ஊரார் பல இடங்களில் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். படுத்தவர்கள் சமண முனிவர்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சங்ககால மன்னன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த 'பளி' என்கிறது. மெய்யெழுத்தை இரட்டிக்காத பழைய எழுத்துமுறையில் பள்ளிதான் அது.

மேல்மலையனூருக்குத் தெற்கே, செஞ்சிக்கோட்டைக்கு வடக்கே திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரும்பாறையில் சமணரின் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் இளையபட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. சந்திரநந்தியின் இடத்துக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'நிசீதிகை'; உட்காருவதைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. வாழ்ந்த இடம் படுக்கையாலும் முடிந்த இடம் இருக்கையாலும் பெயர் பெற்றிருக்கின்றன.

அருகிலேயே சிங்கவரம். அங்கே குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். முனிவருக்கும் பெருமாளுக்கும் ஒரே சொல்.

சோழர் காலத்தில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்பட்டது. இஸ்லாமியர் தொழுமிடம் பள்ளிவாசல் ஆயிற்று. முனிவர்கள் தங்கள் பள்ளிகளில் பாடம் சொன்னதால்தான் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். படுக்கையைக் குறித்த சொல், மணியடித்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடிவரும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது வேடிக்கைதான்.

தமிழ்ச் சமணரின் தலைமைப்பீடம் செஞ்சி வட்டாரத்து மேல்சித்தாமூரில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் மடம். அந்த ஊரில் பள்ளி எங்கே என்று கேட்டால், பிள்ளைகள் படிக்கும் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள்.